லாந்தனத்துக்குக் கடல் தெரியாது

லாந்தனம் நாளைய சங்கதியை இன்றைக்கே சொல்லிவிடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் ரோமால்டு. கண்டுபிடித்ததும் துள்ளிக் குதித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். யாரிடமும் மூச்சு விடாமல் பல வாரம் கேபிள்களைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். இயற்பியல் படித்தவர்களுக்கு அதிசயம் என்றாலே முதலில் வருவது பயம்தான். எங்கேயோ ஒரு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டோம், நாலு பேர் சிரிக்கப்போகிறார்கள் என்கிற பயம்.

இடம், தென்கடலோரத்தில் ஒரு அணு ஆய்வு நிலையம். அங்கே சின்னதாக ஒரு உலை. உலையிலிருந்து ஒரு குழாய் வழியாக நியூட்ரான்கள் வரும். குழாயின் முனையில் விரல் தடிமனுக்கு லாந்தனம் என்கிற உலோகம், அதைச் சுற்றிக் காமா கதிர்களை எண்ணும் கருவிகள். இந்தச் சோதனைக்கு மொத்தமே மூன்று பேர். தலைவர் தணிகாசலம் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். அவரோடு மதியம் சாப்பிட யாரும் உட்கார மாட்டார்கள், வாதம் செய்தே சோற்றை ஆற வைத்துவிடுவார். அடுத்து சுகந்தி, கரூர்க்காரி, கருவிகளெல்லாம் அவள் பொறுப்பு. மூன்றாவது ரோமால்டு. நிலையத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சந்தியாகுபுரம் என்ற மீனவர் ஊரில் பிறந்தவன். அந்த ஊரிலிருந்து மதிலுக்குள் காவலுக்கும் தோட்ட வேலைக்கும் வந்தவர்கள் உண்டு, விஞ்ஞானியாக வந்தவன் இவன் ஒருத்தன்தான். ஊருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அமாவாசைக்கு அலை ஏறுமா என்பது முதல் பிள்ளைக்கு எந்த காலேஜ் என்பது வரை அவனைத்தான் கேட்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தம்பி மிக்கேல் குவார்ட்டர்ஸுக்குச் சீலா மீன் கொண்டுவந்தான். மீன் வாங்கிப்போக சுகந்தியும் வந்திருந்தாள். மிக்கேல் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"ஏ அண்ணே, உள்ள அப்படி என்னதான் செய்யுத? ஊர்ல கேக்கானுவ, எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"நியூட்ரான்னு ஒரு துகள் இருக்குல. அதை லாந்தனத்து அணுக்கருவுக்குள்ள விடுதோம். அணுக்கரு அதை முழுங்கிரும். முழுங்கிட்டு ஒரு நடுக்கம் நடுங்கி, காமா கதிரைத் துப்பும்."

"துப்புனா?"

"துப்புறதை எண்ணுதோம். நியூட்ரான் பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே வரும். வலம் சுத்துறதை விட்டா லாந்தனம் ஒரு அளவுக்கு முழுங்குது, இடம் சுத்துறதை விட்டா வேற அளவுக்கு முழுங்குது. ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கணும்? இல்ல. இயற்கை வலதுக்கும் இடதுக்கும் ஓரவஞ்சனை பாக்குது."

"இதுக்கா இம்புட்டு ஒசரத்துக்கு மதில் கட்டிவச்சிருக்கிய?"

சுகந்தி சிரித்துவிட்டாள். "இன்னொண்ணும் பார்க்கிறோம் மிக்கேல். நடக்கிறதை வீடியோ எடுத்துப் பின்னாலிருந்து ஓட்டினா, உலகத்துல அப்படியும் நடக்க முடியுமா, முடியாதா? காலத்துக்கும் முன்னே பின்னே ஓரவஞ்சனை உண்டான்னு லாந்தனத்தைக் கேட்கிறோம்."

"உண்டுன்னு நான் சொல்லுதேன் மேடம். வலையக் கிழிச்சுட்டுப் போன மீனு என்னைக்காச்சும் திரும்பி வந்து தச்சுட்டுப் போயிருக்கா?"

"இவ்வளவுதான் விஷயம்னு தெரிஞ்சிருந்தா எங்களுக்குச் சம்பளமே கொடுத்திருக்க மாட்டாங்க," என்றாள் சுகந்தி. மிக்கேல் மீனுக்குக் காசு வாங்காமல் போனான்.

இந்தச் சோதனையில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. நியூட்ரான்களை வலமாகச் சுற்றவைப்பதா இடமாகச் சுற்றவைப்பதா என்பதை ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் தீர்மானிக்கும். வேறு எந்த ஊராக இருந்தாலும் அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். தணிகாசலம் அதற்கு ஒப்பவில்லை. கம்ப்யூட்டர் கொடுக்கும் கட்டளை எப்படியாவது கேபிள் வழியே கசிந்து எண்ணும் கருவிக்குள் போய்விடும், போய்ப் பொய்யான வித்தியாசத்தைக் காட்டிவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே கருவி எதனோடும் ஒட்டாமல் தனியாக, மரக்கைப்பிடி போட்ட ஒரு சுவிட்ச் இருந்தது. தினமும் காலையில் டூட்டிக்கு வருகிறவர் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் போட வேண்டும். பூ விழுந்தால் வலம், தலை விழுந்தால் இடம். கையால் திருப்பிவிட்டால் மறுநாள் காலை வரை அதுதான். தில்லியிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தணிகாசலம் அவருக்கு டீ கூடக் கொடுக்கவில்லை.

ரோமால்டின் கணக்கில் ஒரு மிச்சம் வந்துகொண்டே இருந்தது. அன்றைய சுவிட்ச் எந்தப் பக்கமோ அதனால் வரவேண்டிய வித்தியாசத்தைக் கழித்த பிறகும் துளியூண்டு பாக்கி. சில நாள் வலப்பக்கம் சாய்ந்தது, சில நாள் இடப்பக்கம். வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடலாம். அவன் தள்ளவில்லை, எதனோடு ஒத்துப்போகிறது என்று தேடினான். உலையின் சூடு, காற்றின் ஈரம், ஏசி என்று எதனோடும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் விளையாட்டாக மறுநாள் சுவிட்சோடு பொருத்திப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. நாளைக் காலையில் காசு எப்படி விழும் என்பது இன்றைய மிச்சத்திலேயே இருந்தது.

கேபிள்களையெல்லாம் மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகுதான் சுகந்தியிடம் சொன்னான். அவள் முதலில் அவனைத் திட்டினாள். பிறகு ஒரு வாரம் அவளே உட்கார்ந்து பார்த்தாள், தன்னையே திட்டிக்கொண்டாள். இருவரும் போய்த் தணிகாசலத்திடம் சொன்னார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் உடனே மறுத்துப் பேசவில்லை.

"அப்ப ஒண்ணு செய்வோம்," என்றார் கடைசியில். "இன்னைக்கு வலம்னு வந்தா நாளைக்கு வேணும்னே இடம் திருப்புங்க. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

அப்படி முடிவு செய்த நாளில் மிச்சமே வரவில்லை. சுத்தமாகப் பூஜ்யம். ஏமாற்றுகிற எண்ணத்தோடு கேட்டால் அது வாயைத் திறக்காது போலிருந்தது. மறுபடி நேர்மையாகக் காசு போட்டால் மறுபடி பேசியது.

"வெளியே மூச்சு விடாதீங்க," என்றார் தணிகாசலம். "அரசாங்கச் செலவுல ஜோசியக் கடை நடத்துறோம்னு தில்லிக்காரன் சொல்லுவான்."

காசுக்குப் பதிலாக வேறெதையும் வைக்கலாம் என்பது சுகந்திக்குத் தோன்றியது. ஒரு மதியம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "காசு எதுக்கு ரோமால்டு? நாளைக்கு கேன்டீன்ல கேசரி போட்டா வலம், போடலைன்னா இடம்னு திருப்புவோம். அப்போ கேசரி உண்டா இல்லையான்னு இன்னைக்கே தெரிஞ்சுடுமே!"

வலம் என்று வந்தது. கேசரியும் போட்டார்கள், முந்திரிதான் இல்லை. அடுத்து மழையைக் கேட்டார்கள். அடுத்து கிரிக்கெட்டைக் கேட்டார்கள், ரோமால்டு யாரிடமோ பந்தயம் கட்டி பிரியாணி ஜெயித்தான். விஷயம் தெரிந்ததும் தணிகாசலம் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"விளையாட்டு போதும். ஒண்ணு மட்டும் மண்டையில ஏத்திக்குங்க. லாந்தனத்துக்குக் கேசரியும் தெரியாது, கிரிக்கெட்டும் தெரியாது. நாளைக்கு சுவிட்ச் எந்தப் பக்கம்ங்கறது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். நடுவுல ஒரு மனுஷன் கை இருக்கு. அந்தக் கை ஒழுங்கா இருக்கிற வரைக்கும்தான் இந்தச் சங்கதி எல்லாம்."

தலையாட்டிவிட்டு வந்தார்கள். சுகந்திக்கு உள்ளுக்குள் ஒரு கலக்கம் இருந்தது. காலையில் எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்கும்போது கூட, நான் யோசிக்கிறேனா, ஏற்கனவே முடிவானதை ஒப்பிக்கிறேனா என்று கேட்டுக்கொண்டாள். பதில் கிடைக்கவில்லை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

ஐப்பசி பிறந்து காற்று மாறிய ஒரு செவ்வாய்க்கிழமை, கடலுக்குப் போயிருந்த மிக்கேலின் வள்ளம் திரும்பி வரவில்லை. அதில் அவனும் அவன் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ரெக்ஸும் இருந்தார்கள். ரெக்ஸ் தொழிலுக்குப் புதிது, போன வருடம்தான் ஐடிஐ முடித்திருந்தான்.

சந்தியாகுபுரத்தில் ஆள் காணாமல் போனால் அரசாங்கக் கப்பல் வரட்டும் என்று கைகட்டி நிற்கிற வழக்கம் இல்லை. இருக்கிற படகெல்லாம் வலையை இறக்கி வைத்துவிட்டுத் தேடப் போகும். டீசல் ஊர்ப் பொதுச்செலவு. எங்கே தேடுவது என்று சொல்ல இந்தத் தடவை ரோமால்டு இருந்தான். கோயில் மண்டபத்தில் ஒயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு, இன்னும் கிழக்கே, இன்னும் தெற்கே என்று படகுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். புதன்கிழமை மதியம் வரை ஒரு மிதவை கூடத் தட்டுப்படவில்லை.

இதற்குள் ஒரு தாழ்வு மண்டலம் கிளம்பியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பெருங்காற்று வரும் என்றார்கள். ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் மண்டபத்துக்கு வந்து ரோமால்டின் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, வெளிய நம்ம பயலுவ முப்பது பேரு நிக்கானுவ. அவனுவ வீட்டுலயும் பொம்பளைய அழுதுட்டுதான் இருக்காளுவ. நிக்கட்டும்னா நிக்கட்டும், திருப்புன்னா திருப்புதேன். நீ படிச்ச ஆளு, ஒம் தம்பி வேற. ஒன் வார்த்ததான். சொல்லு."

ரோமால்டு எழுந்தான். பைக்கை எடுத்துக்கொண்டு நேராக நிலையத்துக்கு வந்தான். சுகந்தி கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், நாளைக்கு டூட்டி உங்களுக்குத்தானே?"

அவன் என்ன கேட்கப்போகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் ரோமால்டு. கேசரி வேற, இது வேற."

"முப்பது பேரைக் காத்துல நிறுத்தி வச்சிருக்கேன் மேடம். மிக்கேல் இருக்கான்னா நிக்கட்டும். இல்லைன்னா அவங்களை நான் எதுக்குக் கொல்லணும்? தெரியாம என்னத்தைச் சொல்ல?"

"தெரிஞ்சுட்டா மட்டும்?"

"தெரிஞ்சா சொல்லிருவேன்." ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். "எந்தம்பி மேடம். நான் குத்துமதிப்பா முடிவு பண்ண முடியாது."

அவளால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. "சரி. நாளைக்குக் காலையில காசு போட மாட்டேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன். மிக்கேல் உயிரோட கிடைச்சிருந்தா வலம் திருப்புவேன். கிடைக்கலைன்னா இடம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றைய எண்ணிக்கைகள் காலையிலிருந்தே சேர்ந்துகொண்டிருந்தன. இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் முதலில் இங்கும் அங்கும் ஆடியது. ரோமால்டு ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்து, என்ன நினைத்தானோ, பையில் போட்டுக்கொண்டான். வெயில் சாயும் நேரத்துக்குக் கோடு ஒரு பக்கமாக நின்றுவிட்டது. இடம். சந்தேகத்துக்கே இடமில்லாத இடம்.

"சரி மேடம்," என்றான் ரோமால்டு. ஹெல்மெட்டைக் கூட எடுக்காமல் வெளியே போனான். ஸ்டெல்லாவிடம் சொல்லப் போகிறான் போல என்று நினைத்து, பின்னாலேயே போவது நாகரிகமில்லை என்று சுகந்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த யோசனை வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். லாந்தனத்துக்குக் கேசரி தெரியாது என்றாரே தணிகாசலம்! அப்படியானால் லாந்தனத்துக்குக் கடலும் தெரியாது, மிக்கேலையும் தெரியாது. அது நேற்றுச் சொன்னதெல்லாம் இன்றைக்குச் சுவிட்ச் இடப்பக்கம் இருக்கும் என்பது மட்டும்தான். மிக்கேல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நானே இடம் என்று திருப்பிவிட்டால்? அப்போது நேற்றைய மிச்சம் என் கையைப் பற்றிச் சொன்னதாகிவிடும். மிக்கேலைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொன்னதாகாது. அவன் பிழைப்பதற்கு ஒரு தடையும் இராது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள். சுவிட்சை இடப்பக்கம் திருப்பினாள். பிற்பாடு மனம் மாறிவிடக் கூடாது என்று ஸ்க்ரூ டிரைவரால் மரக்கைப்பிடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். விதி என்று ஒன்று இருந்தால் அதன் காதைத் திருகிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. ரோமால்டுக்கு போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப் என்றது. மறுபடி போட்டாள், மறுபடி அதே. நேரில் போய்ச் சொல்லலாம் என்று சந்தியாகுபுரத்துக்கு வண்டியை விட்டாள்.

கடற்கரையில் கூட்டம் நின்றிருந்தது. தூரத்தில் படகுகள் வரிசையாகக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. சுகந்தி மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ரோமால்டு தனியாக ஒரு கவிழ்த்த வள்ளத்தின் பக்கத்தில் நின்றான்.

"கிடைச்சுட்டாங்களா ரோமால்டு?"

"இல்ல மேடம். நான்தான் திரும்பச் சொன்னேன். ராத்திரி பூரா மனசு வரல, காலம்பறதான் ஒயர்லெஸ்ல சொன்னேன். மொதல்ல கேக்க மாட்டேன்னானுவ. எந்தம்பி, நானே சொல்லுதேன், வாங்கன்னு சொன்னேன்."

சுகந்தி செருப்பைக் கீழே போட்டாள். செய்ததைச் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி முதலிலிருந்து, கையெல்லாம் ஆட்டிச் சொன்னாள்.

"அப்போ... இப்பவே சுவிட்ச் இடப்பக்கம்தான் இருக்கா?"

"ஆமா. நான்தான் திருப்பினேன்."

"எதுக்கு மேடம்?"

"நேத்து இடம்னு வந்துச்சே, அதனால."

"நேத்து இடம்னு வந்தது எதனால?"

நான் இன்றைக்கு இடம் திருப்பியதால் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நீ ஏன் திருப்பினாய் என்று மறுபடி முதலிலிருந்து வரும். ஆரம்பம் எங்கே என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ரோமால்டு அவளைத் தள்ளிவிட்டுக் கஸ்பாரிடம் ஓடினான். "ஐயா, படகுகளைத் திரும்ப அனுப்புங்க. நான் சொன்னது தப்பு."

"காலம்பற வான்ன. இப்பப் போன்னுத. எதப் பாத்துல இப்படி மாத்தி மாத்திச் சொல்லுத?"

ரோமால்டு எதைச் சொல்வான்? ஒரு உலோகத் துண்டு நேற்று இப்படிச் சொன்னது, இன்றைக்கு அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது என்றா? "ஐயா, ஒரே ஒரு படகு குடுங்க, நான் போறேன்," என்றான்.

"தொறமுகத்துல புயல் கூண்டு ஏத்தியாச்சு. ஒந்தம்பி போனது போதும். ஒன்னையும் குடுக்க மாட்டேன்." கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் ரோமால்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் திமிறினான், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான், பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆறு மணி ஆயிற்று. மிக்கேல் கிடைக்கவில்லை. அதாவது, சுகந்தி ஒரு சூழ்ச்சியும் செய்யாமல் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தாலும் சுவிட்சை இடப்பக்கம்தான் திருப்பியிருப்பாள். பெருங்காற்று வடக்கே திரும்பிப் போய்விட்டது. சந்தியாகுபுரத்தில் வெறும் தூறல்தான்.

வெள்ளிக்கிழமை கைப்பிடியைக் கொண்டுபோய்த் தணிகாசலத்தின் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

"சார், நான் திருப்பினதைத்தான் அது முன்னாடியே சொல்லிச்சா? இல்லை, மிக்கேல் கிடைக்கலைங்கறதைச் சொல்லிச்சா?"

"ரெண்டுக்கும் சுவிட்ச் ஒரே பக்கம்தானேம்மா. பிரிச்சுப் பார்க்க வழியில்லை."

"படகெல்லாம் கடல்லயே நின்னிருந்தா கிடைச்சிருப்பானா சார்?"

"கிடைச்சிருக்கலாம். அப்ப நீ வலம் திருப்பியிருப்பே. அப்ப புதன்கிழமை மிச்சம் வலம்னு வந்திருக்கும். வலம்னு வந்ததால ரோமால்டு படகுகளை நிறுத்தி வெச்சிருப்பான். அதனால தம்பி கிடைச்சிருப்பான். அந்தக் கதையிலும் ஒரு ஓட்டை கிடையாது. இந்தக் கதையிலும் கிடையாது." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ரெண்டும் சரியா இருக்கும்போது இதுதான் நடக்கணும்னு எது தீர்மானிச்சுது? எனக்குப் புரியலை சுகந்தி. முப்பத்தஞ்சு வருஷம் இதையே படிச்சிருக்கேன், ஒரு மண்ணும் புரியலை."

அன்றைக்கே உலைக்காரர்களைக் கூப்பிட்டு நியூட்ரான் குழாயை அடைக்கச் சொன்னார். காரணம் கேட்டதற்குப் பராமரிப்பு என்றார்.

சனிக்கிழமை துறைமுகத்திலிருந்து போன் வந்தது. சரக்குக் கப்பல் ஒன்று கவிழ்ந்த வள்ளத்தின் மேல் கிடந்த ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது, உயிர் இருக்கிறது, பெயர் மிக்கேல் என்கிறான். இரண்டு பேர் இல்லையா என்று ரோமால்டு கேட்டான். ஒருத்தன்தான் என்றார்கள்.

"நீங்களும் வாங்க மேடம்," என்றான் ரோமால்டு சுகந்தியிடம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். புருஷன் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, தம்பி போனதற்கு அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தாள். சுகந்தியைப் பார்த்ததும் கையைப் பிடித்து, "நீங்கள்லாம் ராத்திரி பகலா எம்புட்டுப் பாடுபட்டிய," என்றாள். சுகந்திக்குக் கையை உருவிக்கொள்ளவும் துணிவில்லை.

மிக்கேலின் முகம் தோலுரிந்து கிடந்தது. உதடெல்லாம் வெடிப்பு. அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினான். ரோமால்டு அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெகுநேரம் அழுதான். சுகந்தி கதவோரம் நின்றாள்.

"வியாழக்கெழம காலையில ஒங்களப் பாத்தோம் அண்ணே," என்றான் மிக்கேல். குரல் சன்னமாக இருந்தது. "நம்ம ஊருப் படகுதான், கொடி கூடத் தெரிஞ்சுது. ரெக்ஸு சட்டையக் கழத்தி வீசுனான். நானும் தொண்ட கிழியக் கத்துனேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தா கேட்டிருக்கும். பெறவு எல்லாரும் ஒண்ணுபோல திருப்பிட்டுக் கரையப் பாத்துப் போயிட்டிய."

ரோமால்டு போர்வையை இழுத்துத் தம்பியின் நெஞ்சு வரை மூடினான்.

"காத்துக்குப் பயந்தா அண்ணே?"

ரோமால்டு நிமிர்ந்து சுகந்தியைப் பார்த்தான். அவள் சொல்லட்டும் என்று பார்த்தானா, சொல்லிவிடாதே என்று பார்த்தானா, அவளுக்கு விளங்கவில்லை.

"ஆமால," என்றான். "காத்துதான்."

"நானும் அதத்தான் ரெக்ஸுகிட்ட சொன்னேன். பய ரொம்பக் கலங்கிட்டான், ஏன் போறாவ, ஏன் போறாவன்னு அதையே கேட்டுட்டுக் கெடந்தான். ஒயர்லெஸ்ல எங்கண்ணன்தான்டா இருப்பான், அவன் சும்மா திருப்ப மாட்டான், எல்லாக் கணக்கும் பாத்து, இனி ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சாத்தான் திருப்புவான்னு சொன்னேன்." மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டான். "அதுக்கப்புறம் அவன் ஒண்ணுமே கேக்கல. சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலதான் கெடந்தான். பெறவு கைய விட்டுட்டான் அண்ணே. அப்ப அலை கூட இல்ல. அவனாத்தான் விட்டான்."